பதில் பக்கத்து டிபார்ட்மென்ட்டில் இருந்தது

1990களின் பிற்பாதியில் தெற்காசியா முழுக்கப் பாறுக் கழுகுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், செத்துக்கொண்டிருந்தன. கழுத்தைத் தொங்கப்போட்டபடி மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நாளில் அதே மரத்தடியில் கிடக்கும். பறவை ஆய்வாளர்கள் முதலில் சந்தேகப்பட்டது தொற்றுநோயை. நியாயமான சந்தேகம்தான். ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள், அடுத்தடுத்த நாடுகள், ஒரே அறிகுறி. வேறென்ன நினைப்பது? வைரஸைத் தேடினார்கள், தேடிக்கொண்டே இருந்தார்கள்.

பாகிஸ்தானில் இதே கேள்வியோடு இறங்கிய குழுவில் லிண்ட்சே ஓக்ஸ் இருந்தார். கால்நடை மருத்துவப் பின்னணி கொண்ட நுண்ணுயிரியலாளர். செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளை வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது, சிறுநீரகம் போயிருந்தது. கிருமி எதுவும் அகப்படவில்லை. அடுத்து அந்தக் குழு செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். கழுகுகள் தின்பது செத்த மாடுகளைத்தானே. கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் போய், மாட்டுக்கு என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, தின்றாலும் உடம்பில் சேரக்கூடியது என்று வடிகட்டிக்கொண்டே வந்தபோது மிஞ்சியது டைக்ளோஃபெனாக். வலிக்குக் கொடுக்கும் சாதாரண மருந்து. 2004இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. எல்லா மாட்டுக்குமா அந்த ஊசி போடுகிறார்கள்? சிலவற்றுக்குத்தானே? அப்படியிருக்கக் கழுகு மொத்தமாகக் காலியாவது எப்படி? இதற்குக் கணக்குப் போடத் தெரிந்த ஆள் வேண்டும். ரைஸ் கிரீனும் சகாக்களும் போட்டார்கள். நூறு மாட்டுப் பிணத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இனம் இந்த வேகத்தில் சரியும் என்று விடை வந்தது. காரணம், கழுகு வாழும் விதம். வருடத்துக்கு ஒரே முட்டை, குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கத்துக்கு வர ஐந்து வருடம் போல, அதன்பின் நீண்ட ஆயுள். அப்படிப் பரிணமித்த உயிரினம் வளர்ந்த பறவைகளின் சாவு கொஞ்சம் கூடினாலும் தாங்காது. போதாக்குறைக்கு ஒரே பிணத்தை ஒரு கூட்டமே சேர்ந்து தின்கிறது.

பிறகு மருந்தியல்காரர்கள் வந்தார்கள். அதற்கு மாற்றான மெலாக்சிகாம் என்ற வலிமருந்து கழுகைக் கொல்லாது என்று சோதித்துச் சொன்னார்கள். 2006இல் இந்தியா கால்நடை டைக்ளோஃபெனாக்குக்குத் தடை போட்டது. உடனே மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போக ஆரம்பித்தன. அந்த ஓட்டையை அடைக்க, ஊசிக் குப்பியின் அளவை மூன்று மில்லிக்குக் குறைத்தது உயிரியல் அல்ல, நிர்வாகம். அது நடந்தது 2015இல்.

சூழலியல், பரிணாமம், இயற்கைப் பாதுகாப்பு, வள மேலாண்மை நான்கையும் கோத்துத் தரும் முதுகலை அல்லது பிஎச்.டி படிப்பில் சேரலாமா என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கழுகுக் கதையைத்தான் சொல்கிறேன். கேட்பவர்களின் பயம் எனக்குத் தெரியும். நான்கையும் அரைகுறையாகக் கற்று எதிலும் தேறாமல் போய்விடுவோமோ என்பது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு, பின்னால் வருகிறேன். ஆனால் இந்தப் படிப்பின் பயன் நான்கு பாடத்தையும் கரைத்துக் குடிப்பதில் இல்லை. என் பார்வையில் இந்தத் துறையின் பெரிய சறுக்கல்கள் பலவற்றில் தகவல் யாரோ ஒருவர் கையில் ஏற்கனவே இருந்தது. அவர் வேறு டிபார்ட்மென்ட்டில் இருந்தார், அல்லது டிபார்ட்மென்ட்டே இல்லாதவராக இருந்தார். யாரிடம் போய்க் கேட்பது, அவர் சொல்வதை அவருடைய தராசிலேயே எப்படி நிறுத்துப் பார்ப்பது என்று பழக்குவதுதான் இந்தப் படிப்பு.

முதல் வருட வகுப்புகள் கதம்பமாகத்தான் இருக்கும். காலையில் மரபியலின் ஹார்டி–வைன்பெர்க் சமன்பாடு, மதியம் பொருளாதாரத்தின் தள்ளுபடி விகிதம், அதாவது நாளைய பணத்துக்கு இன்று என்ன மதிப்பு என்ற கணக்கு. முதலாவதை ஆர்வத்தோடும் இரண்டாவதைக் கடனே என்றும் படிக்கப் போனவன் நான். பொருளாதார வகுப்பில் காலின் கிளார்க் 1973இல் எழுதியதை வாசிக்கக் கொடுத்தார்கள். அவர் கணிதக்காரர். திமிங்கிலம் வருடத்துக்குச் சில சதவீதமே பெருகும். பணத்தை வேறெங்காவது போட்டால் அதைவிட அதிக வட்டி கிடைக்கும் என்று வையுங்கள். அப்போது இருக்கும் திமிங்கிலம் அத்தனையையும் இன்றே பிடித்து விற்றுக் காசை வட்டிக்கு விடுவதுதான் லாபம்.

இது ஏன் முக்கியம் என்றால், அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1968இல், காரெட் ஹார்டின் பொதுச் சொத்தின் சோகம் பற்றி எழுதிய கட்டுரை எல்லார் மண்டையிலும் ஏறியிருந்தது. யாருக்கும் சொந்தமில்லாததால்தான் வளம் அழிகிறது என்பது அதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம். கிளார்க்கின் கணக்கில் கடல் முழுக்க ஒரே முதலாளிக்குச் சொந்தம், அவருக்கு எல்லாப் புள்ளிவிவரமும் தெரியும், இருந்தும் அழிப்பதே அவருக்குக் கட்டுப்படியாகலாம். இன்னொரு பக்கம் எலினார் ஆஸ்ட்ரம், அரசியல் அறிவியல் படித்தவர், காடும் மேய்ச்சல் நிலமும் பாசனமும் பலருக்குப் பொதுவாக இருந்தும் தலைமுறை தலைமுறையாக நன்றாகவே நடக்கும் ஊர்களை உலகெங்கும் இருந்து திரட்டிக் காட்டினார். 2009இல் பொருளாதார நோபல் அவருக்குப் போனது. ஆக, சொந்தம் என்பதும் காப்பாற்றாது, பொது என்பதும் அழிக்காது. இந்த மூவரையும் ஒரே செமஸ்டரில் படித்த உயிரியல் மாணவன் அதன்பின் ‘மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்று ஆய்வேட்டின் கடைசிப் பத்தியில் எழுதக் கை வராமல் தவிப்பான். அதுவே பெரிய லாபம்.

எனக்கு வாய்த்த ஆய்வுப் பொருள் மீன். மீன்பிடிப்பு மீனையே மாற்றிவிடுகிறதா என்ற கேள்வி.

மீனின் வயதை அறிய அதன் உள்காதில் இருக்கும் கல்லை எடுக்க வேண்டும். ஓட்டோலித். கால்சியம் கார்பனேட்டால் ஆனது. தலையைப் பிளந்து, மூளைக்கு அடியில் உள்ள பையிலிருந்து சாமணத்தால் இழுத்தால் ஈரம் மினுங்க வரும். துடைத்து, ரெசினில் பதித்து, நடுப்புள்ளி வழியாக மெல்லிய சீவலாக அறுத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் மங்கலும் தெளிவுமாக மாறி மாறி வளையங்கள் தெரியும். மெதுவாக வளர்ந்த காலம், வேகமாக வளர்ந்த காலம். எண்ணினால் வயது. கேட்க எளிதாக இருக்கும். வயதான மீனில் வெளிவிளிம்பில் வளையங்கள் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கும். ஒன்றா இரண்டா என்று சத்தியம் பண்ண முடியாது. அதனால் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுவோம். அந்த மீன் எவ்வளவு நீளம் என்பதை எண்ணுபவரிடம் சொல்லக் கூடாது. நீளம் தெரிந்தால் கண் தானாகவே ஒரு வளையத்தைக் கூட்டிவிடும். அறிவியல் ஒழுக்கம் பற்றிக் கேட்ட எல்லா உரைகளையும்விட அந்த மறைத்த லேபிளில் நான் கற்றது அதிகம்.

வயது, நீளம், முதிர்ச்சி அடைந்ததா இல்லையா. இந்த மூன்றும் கையில் இருந்தால் சண்டை தொடங்கலாம். கடுமையாக மீன்பிடித்த இடங்களில் மீன்கள் சின்ன வயதிலேயே, சின்ன உடம்போடே முட்டையிட ஆரம்பிக்கின்றன. சூழலியல்காரர் சொல்வார்: கூட்டம் குறைந்தது, மிஞ்சியதற்குத் தீனி அதிகம், சீக்கிரம் வளர்ந்தது, சீக்கிரம் முதிர்ந்தது, இதில் பரிணாமம் எங்கே வந்தது? பரிணாமக்காரர் சொல்வார்: வலையில் மாட்டும் அளவுக்குப் பெரிதாகும் முன்பே முட்டையிட்டுவிடும் மீன்தான் வாரிசை விட்டுப் போகிறது, அந்தக் குணம் அடுத்த தலைமுறைக்குப் போகும். இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. ஒரே வயதும் ஒரே நீளமும் உள்ள மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை முதிரும் வாய்ப்பு வருடங்கள் போகப் போக ஏறியதா என்று பார்ப்பது. வேகமாக வளர்ந்தது மட்டுமே காரணம் என்றால் அந்த வாய்ப்பு அப்படியே இருக்க வேண்டும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிய கடலின் வடக்குக் காட் மீனில் எஸ்பன் ஓல்சனும் மற்றவர்களும் 2004இல் இப்படிப் பார்த்தார்கள். மீன்வளம் சரிவதற்கு முன்பே அது ஏறியிருந்தது. மரபணுவை நேராகக் காட்டும் சாட்சி இல்லைதான். அதனால் வாதம் இன்னும் ஓயவில்லை.

டேவிட் கோனோவரும் ஸ்டெஃபான் மன்ச்சும் செய்த சோதனை இன்னும் பளிச்சென்று இருக்கும். அட்லாண்டிக் சில்வர்சைடு என்ற சிறு மீனைத் தொட்டிகளில் வளர்த்தார்கள். சில தொட்டிகளில் தலைமுறைக்குத் தலைமுறை பெரியவற்றில் 90 சதவீதத்தை எடுத்தார்கள், சிலவற்றில் சிறியவற்றில் 90 சதவீதத்தை. முதலில் பெரிய மீனை எடுத்த தொட்டியில்தான் நல்ல விளைச்சல். நான்கு தலைமுறைக்குள் நிலைமை தலைகீழாகி, அங்கே எல்லாம் மெதுவாக வளரும் குட்டை மீனாகிவிட்டது. 2002இல் இது வெளியானபோது, சின்ன மீனை விட்டுவிடு, பெரியதைப் பிடி என்று காலங்காலமாகச் சட்டம் எழுதி வந்தவர்களுக்கு அது இனிப்பான செய்தியாக இருந்திருக்காது.

என் வரைபடத்தை முதன்முறையாக என் ஆய்வை மதிப்பிடும் கமிட்டி முன்னால் போட்டபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். சூழலியல் பேராசிரியர் நீரின் வெப்பநிலையைக் கேட்டார். பரிணாமம் எடுப்பவர் மரபுவழித் திறனுக்கு, அதாவது ஒரு குணம் வாரிசுக்கு எவ்வளவு கடத்தப்படுகிறது என்பதற்கு, என்ன மதிப்பு வைத்தாய் என்றார். மீன்வள நிர்வாகத்திலிருந்து வந்த உறுப்பினர் வரைபடத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, “இதெல்லாம் சரி தம்பி, வலைக் கண்ணி அளவை என்ன வைக்கச் சொல்றீங்க?” என்றார். மூன்றுக்கும் என்னிடம் தயாரான பதில் இருந்தது. மானுடவியல் துறையிலிருந்து, விதிமுறைக்காகவே சேர்த்திருந்த மேடம் ஒருவர் கடைசியில் கேட்டார்: “இந்த மீனெல்லாம் யாரோட படகுல இருந்து வந்தது?”

அப்பாவியான கேள்வி போலத்தான் இருந்தது. ஆனால் யாருடைய படகு என்றால் என்ன வலை, என்ன வலை என்றால் என்ன கண்ணி. குறிப்பிட்ட கண்ணியில் மூன்று வயது மீன்களில் வேகமாக வளர்ந்தவை மட்டுமே மாட்டும்; மெல்ல வளர்ந்தவை நழுவிவிடும். அப்படியானால் என் சாம்பிளில் இருக்கும் மூன்று வயது மீன் கடலில் இருக்கும் மூன்று வயது மீனின் சரியான பிரதிநிதி அல்ல. வலை மாறிய வருடமும் வரைபடம் வளைந்த வருடமும் ஒன்றா என்று பார்க்காமல் ஒரு வரிகூட எழுத முடியாது. அவருக்கு மீனின் முதிர்ச்சி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தகவல் எங்கிருந்து வருகிறது, தருபவருக்கு என்ன நோக்கம் என்று கேட்பது அவருடைய துறையில் அரிச்சுவடி. ஆய்வேட்டின் ஒரு முழு அத்தியாயம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

காட் மீனின் கதையிலும் இதே முடிச்சு உண்டு. 1992 ஜூலை 2இல் கனடா அரசு வடக்குக் காட் மீன்பிடிப்பை நிறுத்தியது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. அரசின் மதிப்பீடு பெரிய இழுவலைக் கப்பல்களின் பிடிப்பு விகிதத்தை, அதாவது குறிப்பிட்ட நேர உழைப்புக்கு எவ்வளவு மீன் கிடைக்கிறது என்பதை, பெரிதும் நம்பியிருந்தது. மீன் குறையக் குறைய மிஞ்சியது ஓரிடத்தில் திரளும். நவீன கருவியுள்ள கப்பல் திரண்ட இடத்தைத் தேடிப் போய் அள்ளும். விகிதம் குறையவே குறையாது. கரையோரச் சிறு படகுக்காரர்களுக்கு மீன் வரத்து நின்றதும், வந்ததும் சிறுத்ததும் 1980களிலேயே தெரியும். சொல்லவும் சொன்னார்கள். அவர்களுடைய பேச்சுக்கு அரசின் கணித மாடலில் நுழைய வாசல் இல்லை.

ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவிலும் கிட்டத்தட்ட இதுதான். 1982இல் அங்கே எருமை மேய்ச்சலுக்குத் தடை வந்தது. எதிர்ப்பில் உயிர்ச்சேதம்வரை போனது. பறவைகளுக்கு நல்லது என்று நினைத்துச் செய்த தடை. எருமைகள் போனதும் பாஸ்பாலம் புல் நீர்ப்பரப்பை அடைத்துக்கொண்டது, நீர்ப்பறவைகளுக்கு இடம் சுருங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு, மேய்ச்சல் அந்த ஈரநிலத்துக்கு உதவியாகவே இருந்தது என்ற முடிவுக்கு வந்தது. எருமை என்ன தின்கிறது என்பது மேய்ப்பவருக்குத் தெரியாதா என்ன?

இப்படிச் சொல்வதால் உள்ளூர்க்காரர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காதல் கதையும் எனக்கு ஒப்பில்லை. நேர்காணலையும் வளையம் எண்ணுவது போல இருவர் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். நல்ல சமூக அறிவியல்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்; உயிரியலிலிருந்து வந்து பத்துப் பேரிடம் கேள்வித்தாள் நீட்டிவிட்டு ‘மக்கள் கருத்து’ என்று எழுதுபவர்கள்தான் செய்வதில்லை.

சரி, அரைகுறை பயத்துக்கு வருகிறேன். அது நிஜம். என் முதல் பேப்பரை ஓர் இதழ் ‘நடைமுறை வாடை அதிகம்’ என்று திருப்பியது, இன்னொன்று ‘கோட்பாடு அதிகம்’ என்றது. வேலை விளம்பரங்கள் இன்றும் ஒற்றைத் துறைப் பெயரில்தான் பெரும்பாலும் வருகின்றன, நேர்முகத்தில் “அடிப்படையில நீங்க யாரு?” என்று கேட்பார்கள். அதற்குக் கூசாமல் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிய வேண்டும். அதனால் என் கட்சி இதுதான்: ஒரு துறையில் எலும்பு உறுதியாகும்வரை போங்கள். அந்தத் துறையின் கறாரான ஆள் உங்கள் அத்தியாயத்தைக் கிழித்துப் போட வந்தாலும் அது தாங்க வேண்டும். மற்ற மூன்றிலும் அவர்களுடைய பேப்பரை வாசித்து, எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கும் அளவு போதும். புள்ளியியலுக்கு மட்டும் விலக்கு கிடையாது. அது நான்கு வீட்டுக்கும் பொதுச்சுவர்.

மைக்கேல் சூலே 1985இல் பாதுகாப்பு உயிரியலை நெருக்கடித் துறை என்றார்: எல்லாத் தகவலும் வந்து சேரும் முன்பே முடிவெடுக்க வேண்டிய துறை. மாணவர்கள் பலர் இதை, அரைகுறைத் தகவலோடு எழுதலாம் என்று அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். எது தெரியாது, தெரியாததால் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கூடுதலாகச் சொல்ல வேண்டிய கடமை அது.

சேரும் முன் பார்க்க வேண்டியது பாடத்திட்டத்தை அல்ல, காசு எந்த வழியாக வருகிறது என்பதை. உதவித்தொகை ஒரே கைடின் புராஜெக்டிலிருந்து வந்தால் பெயர்ப்பலகையில் எத்தனை துறை இருந்தாலும் நீங்கள் அவர் வேலையைத்தான் செய்வீர்கள். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1990களின் இறுதியில் ‘ஐகெர்ட்’ திட்டத்தைக் கொண்டுவந்தபோது, பல துறை ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் பயிற்சிக்குப் பணம் கொடுத்து மாணவரை அந்தப் பிடியிலிருந்து கொஞ்சம் விடுவித்தது. அடுத்து, இரண்டு துறை ஆசிரியர்கள் பெயரும் சேர்ந்து வந்த மாணவர் பேப்பர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த இரு துறைகளும் ஒரே கட்டடத்தில் குடியிருக்கின்றன, அவ்வளவே. நான்காம் வருடத்தில் இருப்பவரிடம் தனியாகப் பேசி, கமிட்டி கடைசியாக எப்போது முழுசாகக் கூடியது என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்போது நான் நடத்தும் சிறு வாசிப்புக் குழுவில் அண்மையில் எடுத்தது 2024 முடிவு. வடக்குக் காட் மீதான தடையைக் கனடா விலக்கி, 18,000 டன் பிடிக்க அனுமதித்தது. அதற்கு முந்தைய வருடம் மதிப்பீட்டு மாடலில் 1954இலிருந்து தொடங்கும் பழைய புள்ளிவிவரத்தைச் சேர்த்தார்கள். மீன்வளம் இதற்குக் கீழே போனால் ஆபத்து என்று காட்டும் அபாயக் கோடு கீழே இறங்கியது. மீன்வளம் ‘ஆபத்து’ என்ற கட்டத்திலிருந்து ‘எச்சரிக்கை’ என்ற கட்டத்துக்கு ஏறியது. கடலில் மீன் கூடியதால் அல்ல, கோடு நகர்ந்ததால். குழுவில் மாடல் போடுபவர்கள், நீண்ட தொடர் இருப்பது நல்லதுதானே என்றார்கள். வள மேலாண்மை படிப்பவர்கள், கரையோரப் படகுகளுக்கு முன்னுரிமை என்று அரசு கொடுத்த பழைய வாக்குறுதி என்னவானது என்று பிடித்துக்கொண்டார்கள். பொதுக்கொள்கை படிக்க வந்திருக்கும் ஒரு மாணவி அதுவரை பேசவே இல்லை. “1954இல் இருந்த மீனும் இப்ப இருக்கிற மீனும் ஒரே வயசுலதான் முட்டை போடுதா? இல்லேன்னா அந்தக் கோட்டை எந்த மீனுக்குப் போட்டாங்க?” என்றாள். மரபியல்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார், மாடல்காரர் குறுக்கே விழுந்தார், அடுத்த வகுப்புக்காரர்கள் வந்து அறையைக் கேட்கும்வரை அது ஓடியது.